அம்பாசடரா, ஹெரால்டா? 50 வயசு காருக்கு 'விண்டேஜ்' பதிவு லாபமா?

சேதராப்பட்டில் உங்க வீட்டு வாசலில் தாத்தா காலத்து கார் நிற்குதா? அதை விண்டேஜ் வாகனமா பதிவு செய்யலாமா, இல்லை வழக்கம்போல ஆர்.சி.யைப் புதுப்பிச்சு ஓட்டலாமா? அது என்ன கார் என்பதைப் பொறுத்தே பதில் இருக்கு.

இரண்டுமே பிரிட்டன் வாரிசுகள்

அம்பாசடரின் மூலம் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதை 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை தயாரித்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூலம் டிரையம்ஃப் ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் உருவான இந்த கார், 1970-களின் தொடக்கத்தில் கெஸெல் மாடல் வந்ததும் விடைபெற்றது.

விதி என்ன சொல்லுது?

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் விதிகளை அறிவித்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்திருக்கணும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். அடுத்த முறை 5,000 ரூபாய்தான்.

ஆனா ஒரு முக்கியமான நிபந்தனை: கண்காட்சி, ஆராய்ச்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். குடும்பத்தோட புதுச்சேரி மார்க்கெட்டுக்குப் போய்வர முடியாது.

சாதாரணமா புதுப்பிச்சா?

2025 ஆகஸ்ட் மாற்றத்தின்படி, 20 ஆண்டு தாண்டிய காருக்குக் கட்டணம் 10,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. 5 ஆண்டுக்கு ஒருமுறை கட்டணும். அதாவது முதல் 10 ஆண்டுக்கு இரண்டு வழியிலும் செலவு ஏறக்குறைய ஒண்ணுதான். வித்தியாசம், தினமும் ஓட்டும் உரிமையில்தான்.

எந்த காருக்கு எது?

அம்பாசடர்: 2014 வரை வந்ததால் உதிரிபாகம் தேடுவது சுலபம். அதனாலேயே பல வண்டிகளில் பழைய 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின் போய் டீசல் ஏறிடுச்சு. அப்படி மாற்றியிருந்தா விண்டேஜ் அந்தஸ்து கிடைப்பது கஷ்டம். தனி சேசிஸ் கிடையாது, பாடியே தாங்குது. அடியில் துரு பிடிச்சா அது பெரிய வேலை.

ஹெரால்டு: எல்லா வண்டியுமே 50-ஐத் தாண்டியாச்சு. தனி சேசிஸ் மேல பாடி போல்ட் போட்டு நிற்பதால் கழற்றிச் சீர்செய்யலாம். ஆனா 948 சிசி எஞ்சினுக்குப் பாகம் கிடைப்பது அரிது, தினசரி ஓட்டத்துக்குத் தாங்காது.

மொத்தத்தில், தினமும் ஓடுற அம்பாசடருக்கு சாதாரண புதுப்பிப்பு. ஒரிஜினல் எஞ்சினோட ஷெட்டில் நிற்கும் ஹெரால்டுக்கு விண்டேஜ் பதிவு. எதுவானாலும், மெக்கானிக்கிடம் விடும் முன் ஆர்.சி.யில் உள்ள எஞ்சின், சேசிஸ் எண் வண்டியோட பொருந்துதான்னு பார்த்துடுங்க.