ஓசைக்கு ஒரு பக்தி!

திருப்பூர், கோவை முதலிய ஊர்களில் மோட்டார் கார் பிரியர்கள் என்பவர்கள் ஒன்றுகூடித் தங்கள் தங்கள் கார்களை வரிசையாய் நிறுத்திக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இதைத் தவறென்று நாம் சொல்ல வரவில்லை. தேரைச் சுற்றிக் கும்பிடுவதைவிட, ஓர் என்ஜினைத் திறந்து அது எப்படி ஓடுகிறதென்று பார்ப்பது ஆயிரம் மடங்கு மேலென்பதே நமது அபிப்பிராயம். ஆனால், அந்த வரிசையில் ஒருவர் மின்சாரக் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் அங்கு நடக்கும் கூத்தைத்தான் சகிக்க முடியவில்லை. "சத்தமில்லாததும் ஒரு வண்டியா? மிக்ஸிக்குச் சக்கரம் வைத்தது போலல்லவா இருக்கிறது!" என்கிறார் ஒருவர். "மழையில் போனால் ஷாக் அடிக்கும்" என்கிறார் மற்றொருவர். "நம் பெரியவர்கள் காலத்திலிருந்து பெட்ரோல்தான்" என்கிறார் மூன்றாமவர்.

பெரியவர்கள் காலத்து வழக்கம் என்பதும் ஒரு காரணமா? அப்படியே பழமைக்குத்தான் மதிப்பென்றாலும், அதிலாவது இவர்கள் பக்கம் நியாயமுண்டா? 1899-ஆம் வருஷத்தில் ஜெனாட்ஸி என்னும் பெல்ஜியக்காரர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிக் காட்டினார். உலகத்தில் முதன்முதலாக அந்த வேகத்தைத் தாண்டிய கார் பெட்ரோல் கார் அல்ல, மின்சாரக் கார்! ஆகவே, சனாதனம் பேசுகிறவர்களுக்குத் தங்கள் சனாதனமே தெரியவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

நிற்க. மின்சாரத்தைக் கண்டு சிரிப்பதற்கு இந்தச் சீமைக்காரர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறதென்று கேட்கின்றோம். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகல்லவா கோவைப் பக்கத்தில் மில்கள் பெருகின? 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்சார மோட்டாரைச் செய்து காட்டியது இதே கோவையில்தானே? இன்று திருப்பூரில் ஓடும் நிட்டிங் மிஷின் எதில் ஓடுகிறது? தையல் மிஷின் எதில் ஓடுகிறது? 2012-இல் கரண்டு பல மணி நேரம் நின்றபோது, டீசல் ஜெனரேட்டர் வைத்து ஓட்டிய பனியன் கம்பெனி முதலாளிகள் செலவு தாங்கவில்லையென்று அலறினார்களே, அன்று அந்த ஜெனரேட்டரின் ஓசை சங்கீதமாய் இருக்கிறதென்று யாராவது சொன்னதுண்டா? பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை நாட்டி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கரண்டு எடுத்துத் தொழில் நடத்துகிற மனிதர், அதே கரண்டு காரில் ஏறியவுடன் முகம் சுளிப்பது எந்தப் பகுத்தறிவு?

பெட்ரோல் என்ஜின் தான் குடிக்கும் எண்ணெயின் சக்தியில் பெரும்பாகத்தைச் சூடாகவும் புகையாகவும் வீணாக்கி, சுமார் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மின்சார மோட்டாரோ தனக்குக் கொடுத்ததில் நூற்றுக்கு 85, 90 பங்கை ஓட்டமாக மாற்றுகிறது. அப்படியானால், இவர்கள் போற்றும் ஓசையில் ஒரு பாகம் வீணாய்ப் போகும் காசின் ஓசையே அன்றி வேறென்ன? ஷாக் அடிக்கும் என்பதும் வீண் பயமே. பாட்டரி தண்ணீர் புகாத பெட்டியில் மூடப்பட்டிருக்கிறது. கோளாறு கண்டால் மின்தொடர்பு தானே அறுபடும்படி செய்யப்பட்டிருக்கிறது.

இதனால் மின்சாரக் காரில் குற்றமே இல்லையென்று நாம் சாதிக்கவில்லை. 2022-இல் நம் நாட்டில் சில மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்து உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. அதன்பின் பாட்டரிக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. நம் கரண்டில் பெரும்பாகம் இன்னும் நிலக்கரியில்தான் பிறக்கிறது. விலையோ பனியன் தொழிலாளிக்கு எட்டாததாயிருக்கிறது. இவையெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள். கணக்குப் போட்டுப் பதில் வாங்கவேண்டிய கேள்விகள். சிரிப்பு இதற்குப் பதிலாகுமா?

இனி, அக்காரைக் கொண்டுவந்து காட்டுகிறவரின் யோக்கியதையையும் சற்றுப் பார்ப்போம். புதுமையின் தூதர் போல் வருகிறார். ஆனால் நான்கு சக்கரத்தின் கீழும் நான்கு எலுமிச்சம்பழம்! லித்தியம் பாட்டரிக்காக 2019-இல் மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபெல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பாட்டரிக்கு நம்மவர் கொடுக்கும் பரிசு திருஷ்டிப் பூசணிக்காய். அதை நடுரோட்டில் உடைத்துவிட்டுப் போகிறார். இரவு ஷிப்ட் முடிந்து மொபெட்டில் வரும் தொழிலாளி அதில் சறுக்கி விழுந்தால், யார் திருஷ்டி யாருக்குக் கழிந்ததாக அர்த்தம்?

கார் பிரியர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். கோவைக்கருகே செட்டிப்பாளையம் பந்தயப் பாதையில், காலேஜ் பிள்ளைகள் தாங்களே செய்த மின்சாரப் பந்தயக் கார்களை ஓட்டிப் பரிசோதனை கொடுக்கிறார்கள். அவர்களிடம் பாடம் படியுங்கள். உங்கள் அடுத்த கூட்டத்தில் மின்சாரக் காரின் பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவு, ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம், பாட்டரி எத்தனை வருஷம், மாற்ற எவ்வளவு பணம் என்று எழுதுங்கள். பெட்ரோல் காருக்கும் அவ்விதமே எழுதுங்கள். எது நல்லதென்பதை அந்தக் கணக்குச் சொல்லட்டும்.

அன்றியும், ஜி. டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டத் தொடங்கியது தன் பெருமைக்கு நிறுத்திவைக்கும் கார் அல்ல. பலரும் ஏறும் பஸ். சென்னையில் 2025 முதல் மாநகர பஸ்களில் மின்சார பஸ்களும் ஓடுகின்றன. புகையை முதலில் குடிப்பவன் காருக்குள் கண்ணாடி ஏற்றி உட்கார்ந்திருப்பவன் அல்ல. ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்கும் ஏழைதான். அவனுக்கு எப்போது மின்சார பஸ் என்று கேட்க வாய் வராதவர்கள், ஓசை போய்விட்டதே என்று ஒப்பாரி வைப்பது மானமுள்ள செய்கையாகுமா?