மூன்று தலைநகரும் ஒரு மலையும்

கோடை விடுமுறைக்கு இத்தாலி சென்றுவரும் வாடிக்கையாளர்கள் பெருகியுள்ளனர். ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் ஒரே வாரத்தில் கண்டு திரும்புவோர், எதை எங்கே கண்டோம் என்பதை நிழற்படங்களைக் கொண்டே தெளிகின்றனர். நகரங்களைக் கோக்க ஒரு கதை இல்லாமையே காரணம் என்பது எம் கருத்து.

அக்கதை நம்மிடம் உண்டு. சோழரின் புகார், பாண்டியரின் மதுரை, சேரரின் வஞ்சி ஆகிய மூன்று தலைநகர்களையும் சிலப்பதிகாரம் காண்டங்களாக்கியது. வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்னும் வழக்கை அறிஞர்களுக்கே விட்டுவிடுவோம். பூம்புகார்க் கடற்கரையில் தொடங்கி, மதுரையில் இரு நாள் தங்கி, கம்பம் வழியே குமுளிக்கு ஏறலாம்.

குமுளிக்கு வருவோரில் பலர் தேக்கடியில் படகேறி, ஏலமும் மிளகும் வாங்கித் திரும்பிவிடுகின்றனர். மங்கலதேவி மலைமீதுள்ள கண்ணகி கோட்டமோ சித்திரை முழுநிலவன்று ஒரு பகல் மட்டுமே திறக்கப்படுகிறது. அது பெரியாறு புலிகள் காப்பகத்தினுள் உள்ளமையால், இக்கட்டுப்பாட்டைக் குறையாக யாம் கருதவில்லை. சிதைந்த கற்சுவர்களுக்காக இத்தனை பாடா என்போர், அன்று அதிகாலையில் குமுளியில் ஜீப்புக்காகக் காத்திருக்கும் கூட்டத்தைக் காண வேண்டும். பளியங்குடி வழியே நடந்தே ஏறுவோரும் உளர்.

ஆகவே, அந்நாளை முதலில் குறித்துக்கொண்டு மற்ற நகரங்களைப் பின்னோக்கி வகுப்பதே முறை. செலவுக்குக் கடன் நாடற்க. பங்குனியில் முதிர்வடையும் ஓராண்டுத் தொடர் வைப்பே போதும். முழங்கால் வலியுள்ள பெற்றோரை ஜீப்பில் அழைத்துச் செல்லுங்கள்.