டீக்கடை யுனிவர்சிடி

சமீபத்தில் சொந்த ஊரான ராயகிரிக்குப் போயிருந்தேன். டீக்கடை பெஞ்சில் இரண்டு மோட்டார் மெக்கானிக்குகள்.

''அண்ணாச்சி, கிணத்து மோட்டாரு உறுமுது, சுத்த மாட்டேங்கு. காயில் போயிருக்குமோ?''

''அவுத்துத் தொலைச்சிராதல! மூணு ஃபேஸ்ல ஒண்ணு வரலைன்னாலும் அப்படித்தான். மொதல்ல ஃபியூஸைப் பாரு.''

ஒரு டீ செலவில், காயில் கட்டும் செலவு மிச்சம்!

இந்த டீக்கடை மகாத்மியத்தைக் கண்டுபிடிக்க அமெரிக்காவின் ஜெராக்ஸ் கம்பெனிக்கு ஒரு மானுடவியல்காரர் தேவைப்பட்டார். பெயர் ஜூலியன் ஆர். காட்டுக்குப் போய்ப் பழங்குடிகளைப் பார்க்க வேண்டியவர், 1980களில் காப்பியர் மெக்கானிக்குகளின் பின்னால் சுற்றினார். கம்பெனி கொடுத்த தலையணை சைஸ் புத்தகத்தில் இல்லாத கோளாறையெல்லாம், அவர்கள் சாப்பாட்டு மேஜையில் கதை பேசியே தீர்த்துக்கொண்டிருந்தார்கள். 1996-ல் இதைப் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

அந்தப் பேச்சைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதுதான் 'யுரேகா'. தொண்ணூறுகளில் பிரான்ஸில் ஆரம்பித்தது. ஒரு மெக்கானிக் தன் உபாயத்தை எழுதுவார். அனுபவஸ்தர்கள் சரிபார்ப்பார்கள். பிறகு எல்லோருக்கும் போகும். பிரேசிலில் ஒருவர் 40,000 டாலர் மெஷினையே மாற்றிக் கொடுக்க இருந்தார். கனடாவின் மான்ட்ரியால் மெக்கானிக் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து, ஒரு டாலர்கூடப் பெறாத சின்ன சாமானை மாற்றினார். ஓடியது!

எழுதுகிறவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது, மெக்கானிக்குகளே வேண்டாம் என்றார்கள். காசு என்றால் கண்டதையும் எழுதிக் குவிப்பார்களே! குறிப்போடு எழுதியவர் பேர் இருந்தால் போதும் என்று முடிவாயிற்று.

நம்ம ஆபீஸுக்கு வருவோம். 34 வருஷம் சர்வீஸ் போட்ட எங்கள் ஹெட்கிளார்க்குக்கு சுவர்க் கடிகாரம் கொடுத்து வழியனுப்பினோம். அடுத்த வாரமே ஒரு பென்ஷன் ஃபைல் மாட்டிக்கொண்டது. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். பதிலுக்கு வந்தவை: ஒன்பது 'இனிய காலை வணக்கம்', இரண்டு ரோஜாப்பூ, ஒரு கட்டைவிரல்.

கடைசியில் அவருக்கே போன் போட்டேன். இரண்டே நிமிஷத்தில் வழி சொல்லிவிட்டார்.

''இதையெல்லாம் எழுதி வெச்சிருக்கலாமே சார்?''

''யாருமே கேக்கலையே தம்பி...''

சுருக்கென்றது. அன்றைக்கே அவர் சொன்னதை வரிசையாக எழுதி, கீழே அவர் பேரைப் போட்டு குரூப்பில் அனுப்பினேன். யாரோ அவருக்கும் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பத்தே நிமிஷத்தில் போன்.

''எல்லாம் சரி... இனிஷியலை விட்டுட்டியே தம்பி! எழுதிக்கோ, இன்னும் நாலு விஷயம் இருக்கு!''