கூடை சுமந்தவள் வீட்டோடு இருந்தவளா?

போன வாரம் இலங்கை மலையகத்து லிந்துலையில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார்: "அந்தக் காலத்துப் பொம்பளைங்க வீட்டோட இருந்தாங்க, குடும்பம் குலையாம இருந்துச்சு. இப்ப கார்மெண்ட், வெளிநாடுன்னு வேலைக்குப் போகப் போய்த்தான் எல்லாம் கெட்டுப்போச்சு." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எந்தக் காலத்துப் பெண், ஐயா? என் அப்பாயி விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டிவைத்து, கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்கு, காலை ஆள்கணக்குக்கு, ஓடியவள். பிந்தினால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை. இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிறு. பால் கட்டி நெஞ்சு வலித்தாலும் கொழுந்து நிறுவை முடிந்த பிறகுதான் பிள்ளையிடம் இறங்குவாள். வேலையை விட்டு வெகுகாலம் ஆன பிறகும் உச்சந்தலையில் அந்தக் கயிற்றுத் தடம் மாறவில்லை. இவளா வீட்டோடு இருந்தவள்?

அவளை மலைக்குக் கொண்டுவந்ததே தேயிலைதான். அதற்கு முந்திய கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கிற பருவத்துக்கு இந்தியாவிலிருந்து வந்து திரும்பியவர்களில் ஆண்களே அதிகம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் போட்ட தேயிலை அப்படிப்பட்ட பயிரல்ல. ஏழெட்டு நாளில் மறுபடி கொழுந்து நிற்கும். வருஷம் முழுக்க ஆய வேண்டும். அதனால்தான் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து லயத்தில் அடைத்தார்கள். பெண் மலையேறாவிட்டால் பெக்டரி மெஷின் எதை அரைக்கும்? 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று சட்டப்படி நாட்கூலி வைத்தார்கள். வீட்டோடு இருந்தவளுக்கா கூலி வைத்தார்கள்? சமசம்பளம் கிடைக்க 1984 ஆனது.

அப்பாயி ஆய்ந்த கொழுந்துக்கான காசைச் சம்பள நாளில் தாத்தாதான் கைநீட்டி வாங்கினார். அன்றைக்கு யாரும் குடும்பம் கெட்டது என்று சொல்லவில்லை. இன்றைக்குப் பேத்தி தன் சம்பளத்தைத் தன் பெயரில் பேங்கில் போடுகிறாள். உடனே கெட்டுவிட்டது என்கிறார்கள். அவள் வேலைக்குப் போவதல்ல, காசு அவள் கையில் நிற்பதுதான் உறுத்துகிறது.

தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுவதில் பெண்கள் குறைந்தவர்களா? மேடை நாற்காலி மட்டும் ஏன் ஆண்களுக்கு? கவ்வாத்து வெட்டப் போனவர் வெள்ளனவே வீடு திரும்பிவிடுவார்; கொழுந்து ஆய்ந்தவள் அந்தியில் வந்து விறகோடும் அடுப்போடும் மல்லுக்கட்டுவாள். இதைக் குடும்பம் கெட்ட கணக்கில் யார் எழுதினார்கள்?

பெரியவரே, பெண் வேலைக்குப் போனால் குடும்பம் கெடும் என்றால், உங்கள் குடும்பம் உங்கள் அம்மா காலத்திலேயே கெட்டிருக்க வேண்டும். அவரும் கூடை சுமந்தவர்தான். அந்தக் கூடைதான் உங்களை வளர்த்தது.