நேரம் மிஞ்சினால் சாமான் வந்துவிடுமா?

கிழமைக்கு ஒருக்கா பட்டியல் போட்டு மொத்தமாக வாங்க வேண்டுமாம். அன்றாடம் கடைக்கு அலைவது நேரத்தின் அருமை தெரியாதவர்களின் பழக்கமாம். மட்டக்களப்பில் பெண்களைக் கூட்டி வைத்துக் குடும்பச் செலவு பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

மொத்தமாக வாங்கினால் மலிவுதான். ஐந்து கிலோ பருப்பின் மலிவுக்கு முதலில் ஐந்து கிலோவின் விலை கையில் இருக்க வேண்டும்.

இந்தப் பெண்களுக்குப் பட்டியல் போடத் தெரியாதாம். கடைக்காரரின் கடன் கொப்பியில் உள்ள தன் கணக்கை மனப்பாடமாக வைத்திருப்பவளுக்கா?

பொழுது போகாததால்தான் தினமும் கடைக்குப் போகிறார்கள் என்கிற பேச்சுத்தான் எனக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. பின்னேரம் ஆறு மணிக்கு ஆரையம்பதியிலோ கொக்கட்டிச்சோலையிலோ ஒரு சந்திக் கடையில் போய் நின்று பாருங்கள். வயல் கூலியோ மேசன் கூலியோ கைக்கு வந்த பிறகுதான் அடுப்புக்குச் சாமான். 100 கிராம் பருப்பு, ஒரு தேங்காய், பேப்பர் சரையில் கொஞ்சம் மிளகாய்த்தூள். மிச்சக் காசு பழைய கடனுக்கு. அதைக் கட்டாவிட்டால் நாளைக்குக் கொப்பி திறக்காது. வாவியில் தோணி விடுகிறவர் வீட்டில் இதே கதை காலையில் நடக்கும். மீன்பாடு இருந்தால் அரிசி, இல்லாவிட்டால் கொப்பி. வேலை முடிந்து களைத்து வந்தவள் அந்தக் கடை வாசலில் நிற்பது பொழுதுபோக்குக்கா? உண்மையிலேயே ஓய்வுள்ள வீடுகள் மாதச் சம்பள வீடுகள். அவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாகச் சுப்பர் மார்க்கட்டில் வண்டில் தள்ளுகிறார்கள். ஓய்வுள்ளவர் தினமும் போவதில்லை, ஓய்வில்லாதவள் போகிறாள். இதற்குப் பிறகும் நேரத்தைப் பற்றிப் பேச நல்ல துணிச்சல் வேண்டும்.

நேரம் மிஞ்சியும் பார்த்தாயிற்று. 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்தது. வாவியைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் மிச்சம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் கூலி வீடுகள் அதனால் மாதச் சாமானுக்கு மாறிவிடவில்லை. 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுக்கக் கொரோனா ஊரடங்கு. ஓய்வு வேண்டிய மட்டும் கிடைத்தது. சம்பளக்காரர் அரிசி மூட்டை அடுக்கினார்கள். கூலிக்காரர் ஏப்ரலில் அரசாங்கம் தந்த 5,000 ரூபாய்க்குக் காத்திருந்தார்கள்.

அடுத்த கூட்டம் வைக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டியல் தாளைக் கையில் கொடுப்பதற்கு முதல், வந்திருக்கும் பெண்களிடம் வீட்டுக்குக் காசு எத்தனை நாளைக்கு ஒருக்கா வருகிறது என்று கேளுங்கள்.