ஆட்டுக்குச் சர்ட்டிபிகேட் வேண்டும். ஏழைக்குத் தண்டம் வேண்டாம்!

ஆட்டு மந்தை ராஜ்ய எல்லையைத் தாண்டினால் கால்நடை டாக்டரின் சர்ட்டிபிகேட் கூடவே போக வேண்டும் என்கிறது சட்டம். சட்டம் கூடாதென்று நாம் சொல்லவில்லை. வேண்டும் என்றே சொல்கிறோம். ஆனால் அது யாரைக் காக்கிறது, யாரை வதைக்கிறது என்பதே நமது கேள்வி.

ஆட்டுக்கொல்லி நோயை நமது ஜனங்கள் அறிவார்கள். 1987-ல் இந்தியாவில் முதன்முதலாக அது கண்டறியப்பட்டது, விழுப்புரம் பக்கத்து அரசூரில்தான். காய்ச்சல், மூக்கொழுக்கு, வாய்ப்புண், கழிச்சல், பிறகு சாவு. நோய் தொற்றிய ஆடு சில நாட்கள் நல்ல ஆடு போலவே நிற்கும். அதற்குள் சந்தையில் கைமாறி, லாரியேறி, மறு ராஜ்யத்துக் கொட்டிலில் நிற்கும். அங்கே ஒரு விவசாயத் தொழிலாளியின் நான்கு ஆடுகளும் சாகும். அந்த நான்கு ஆடுகள்தான் அவருடைய பாங்கி, மகளின் கல்யாணம், வைத்தியச் செலவு. ஊரில் தாயிடம் இரண்டு ஆட்டை வளர்க்க விட்டிருக்கும் மில் தொழிலாளிக்கும் இதே கதிதான்.

ஆகவே சோதனை அவசியம். ஆனால் சட்டத்தைப் பாருங்கள்! நடத்திச் செல்லும் மந்தைக்கு 2001-ம் வருஷத்து விதிகள் 5 கிலோமீட்டரிலிருந்தே சர்ட்டிபிகேட் கேட்கின்றன. ரயிலிலும் லாரியிலும் ஏற்றும் ஆட்டுக்கென்று 1978-ல் எழுதிய விதிகளோ, 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குத்தான் அதைக் கேட்கின்றன. கோலூன்றி நடக்கும் இடையனுக்கு ஒரு அளவு, லாரியில் ஏற்றும் வியாபாரிக்கு வேறொரு அளவு! நோய்க்கிருமி மணி பார்த்தா பரவுகிறது?

தொற்றுநோயைத் தடுக்க 2009-ல் தனிச்சட்டமே வந்தது. செக்போஸ்டும், ஆடுகளைப் பிரித்து வைக்கும் முகாமும் அமைக்க அதில் வழி இருக்கிறது. டாக்டர் இல்லாத செக்போஸ்ட் நோயைத் தடுக்காது, வசூலுக்குத்தான் உதவும். ஆட்டைத் தொட்டுப் பார்க்காமல் எழுதிக் கொடுக்கும் சர்ட்டிபிகேட் வெறும் காகிதம்.

பணமில்லை என்பார்கள். 2017-ல் தெலங்கானா சர்க்கார் ஒரு குடும்பத்துக்கு 20 ஆடு, ஒரு கிடாய் என்று 75 சதவீத மானியத்தில் கொடுக்கத் திட்டம் போட்டது. பக்கத்து ராஜ்யங்களில் வாங்கி எல்லை தாண்டி ஏற்றியது. ஆடு வாங்கப் பணம் கிடைக்கும்போது, ஊசி போடவும் டாக்டரை வைக்கவும் கிடைக்காதா?

மருந்தில்லை என்றும் சொல்ல முடியாது. அரசூரில் எடுத்த கிருமியைக் கொண்டே நமது விஞ்ஞானிகள் தடுப்பூசி செய்தார்கள். ஒரு ஊசி மூன்று வருஷமாவது காக்கும். மாட்டு வெக்கை நோய் 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்தது. ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிப்பதென உலக நாடுகள் இலக்கு வைத்துள்ளன.

நாம் கேட்பது இதுதான்: ஆட்டுச் சந்தை ஒவ்வொன்றிலும் கால்நடை டாக்டர் இருக்க வேண்டும். ஊசியும் சர்ட்டிபிகேட்டும் ஏழைக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். நடைக்கும் லாரிக்கும் ஒரே சட்டம் வேண்டும். பிரித்து வைக்கும் ஆட்டுக்குத் தீனியைச் சர்க்கார் போட வேண்டும். நோயில் செத்த ஆட்டுக்கு நஷ்டஈடு தர வேண்டும்.

நமது கடமையும் உண்டு. சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். ஊசி முகாம் வந்தால் ஒரு ஆட்டையும் விடாமல் ஓட்டிச் செல்லுங்கள். முகாம் வராவிட்டால், கிராம சபையில் கூட்டமாக எழுந்து ஏன் வரவில்லை என்று கேளுங்கள்!