விஞ்ஞான மான்யம் யாருக்கு?

விஞ்ஞானிகளுக்கு சர்க்கார் தரும் மான்யத்தைப் பற்றி ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கவலை உண்டு. சோப்பும் துணியும் வாங்கும்போது நாம் கட்டும் வரியும் சேர்ந்ததுதான் அந்த மான்யம். 1912ல் சர்க்கார் செலவில் கோவையில் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம், 1921ல் ஜி.இ.பி. 24 என்ற ரகத்தைத் தந்தது. லாபக் கணக்குப் பார்க்கும் எந்த முதலாளி ஒன்பது வருஷம் காத்திருப்பார்?

2017 ஆகஸ்ட் 9ந் தேதி பல நகரங்களில் விஞ்ஞானிகளும் மாணவர்களும் ஊர்வலம் சென்றார்கள். பிரேக்த்ரூ சயின்ஸ் சொசைட்டி என்ற விஞ்ஞான சங்கத்தின் அங்கத்தினர்கள் முன்னே நின்றார்கள். தேசிய உற்பத்தியில் 100 ரூபாய்க்கு 3 ரூபாயை ஆராய்ச்சிக்கு ஒதுக்கு என்று கோரினார்கள். 2020-21ல் சர்க்காரும் தனியாரும் சேர்ந்து செலவிட்டதோ 64 காசுதான்!

2023ல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிதியச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. ஐந்து வருஷத்துக்கு 50,000 கோடி ரூபாய் என்று தம்பட்டம் அடித்தார்கள். அதில் 36,000 கோடி சர்க்கார் கஜானாவிலிருந்து அல்ல, வெளியிலிருந்து வரவேண்டுமாம்! பணம் போடுகிறவர் விரும்பும் ஆராய்ச்சிதானே நடக்கும்? பஞ்சுத் தூசி தொழிலாளியின் நுரையீரலைக் கெடுப்பதை ஆராய எந்த மில் முதலாளி பணம் போடுவார்?

முதலாளிகள் கொடுப்பது கிடக்கட்டும். 2025 ஜூலையில், தனியார் ஆராய்ச்சிக்கு வட்டியில்லாமலோ குறைந்த வட்டிக்கோ நீண்டகாலக் கடன் தர, 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய மந்திரி சபை அங்கீகரித்தது. கொடுக்க வேண்டியவர்களுக்கே கொடுக்கிறார்கள்!

பங்கீடும் நியாயமாக இல்லை. பழைய மான்ய வாரியத்தின் பணத்தில் 100க்கு 65 பங்கு ஐ.ஐ.டி.க்களுக்குப் போயிற்று, ராஜ்ய சர்வகலாசாலைகளுக்குக் கிடைத்தது 11 பங்கு. 2023ல் சர்க்கார் தரப்பே சொன்ன கணக்கு இது. தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது எங்கே? ராஜ்ய சர்வகலாசாலைகளிலும் அவற்றைச் சேர்ந்த கல்லூரிகளிலும்தான். இந்தக் குறையைத் தீர்க்கவே புதிய நிதியம் என்கிறார்கள். சொன்னதைச் செய்து காட்டட்டும்.

புதிய நிதியத்தின் தலைவர் பிரதம மந்திரி. உபதலைவர்கள் இரண்டு மத்திய மந்திரிகள். மந்திரிகள் தலைமையில் மட்டும் பங்கீடு நடந்தால் போதாது. விஞ்ஞான சங்கங்களின் அங்கத்தினர்களும் கல்லூரி ஆசிரியர்களும் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு அதில் இடம் வேண்டும். யாருக்கு எவ்வளவு, எந்த ஆராய்ச்சிக்கு என்ற கணக்கை வருஷாவருஷம் தமிழிலும் மற்ற பாஷைகளிலும் வெளியிட வேண்டும். ராஜ்ய சர்வகலாசாலைகளின் பங்கை உயர்த்த வேண்டும்.

வரி கொடுப்பவன் கணக்குக் கேட்பது பிச்சை அல்ல, உரிமை. விஞ்ஞானிகளின் கோரிக்கையை நமது கோரிக்கையாக்கிக் குரல் கொடுப்போம்.